சாவு வீட்டில் கஸ்டர்ட்

அப்பா செத்த வருஷம் எங்கள் வீட்டில் இனிப்புச் செய்யக் கூடாது என்றார்கள். ஒரு வருஷம் முழுக்க. அதிரசம் தட்டக் கூடாது, முறுக்குப் பிழியக் கூடாது, கிறிஸ்துமஸுக்குக் கேக் போடக் கூடாது. சாவு விழுந்த வீட்டில் பலகாரம் செய்தால் செத்தவர் மேல் பாசம் இல்லை என்று அர்த்தமாம். ஆனால் சொந்தக்காரர்கள் செய்து கொண்டுவந்தால் வாங்கித் தின்னலாம். அதில் பாசம் குறையாதாம். இந்த நியாயம் எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

நான் அப்போது கேட்டரிங் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம். அந்த வருஷத்துப் பாடமே இனிப்புதான்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மெஷினிஸ்ட். திருச்சிப் பக்கம் இருந்து வேலை கிடைத்து வந்தவர். அம்மா, நான், பத்தாவது படிக்கிற தங்கை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்துத்தான் எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் இருக்கும். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் கறி என்று சந்தில் ஒரு தடவை நடந்தால் தெரிந்துவிடும்.

அப்பா என்னை இன்ஜினியரிங் டிப்ளமோ படிக்கச் சொன்னார். என் மார்க்குக்கு அது கிடைக்கவில்லை. கேட்டரிங் என்றதும் முகம் சுளித்தார். "ஹோட்டல் மேனேஜ்மெண்ட்" என்று பெயரை மாற்றிச் சொன்னதும் சரி என்றார். தொழிற்சாலை ஷாப்பில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் மகன் மேனேஜருக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியென்றால் கல்லாவில் உட்காருவானா என்று அவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்பார்.

எனக்குக் கல்லா வேண்டாம். அடுப்புதான் வேண்டும். முதல் வருஷம் வெங்காயம் நறுக்கியே கழிந்தது. இரண்டாம் வருஷம் பிரெஞ்சு இனிப்புகளுக்கு வந்தார்கள். வாத்தியார் கரும்பலகையில் வாயில் நுழையாத பெயர்களை எழுதுவார். நாங்கள் எங்களுக்குத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொள்வோம். முதலில் செய்துகாட்டியது கேரமல் கஸ்டர்ட். அச்சைத் தட்டில் கவிழ்த்து, ஒரு உதறு உதறி, மேலே தூக்கினார். அது கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. பழுப்புப் பாகு தலையிலிருந்து வழிந்து சுற்றிலும் தேங்கியது. முட்டை, பால், சர்க்கரை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முட்டையைப் பொரிப்போம், குழம்பில் உடைத்து ஊற்றுவோம். அதே முட்டைக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதன் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. குழம்பு என்றால் புளி கூடினால் உப்பைப் போட்டு, உப்புக் கூடினால் தேங்காயை அரைத்து ஊற்றித் தப்பை மறைக்கலாம். கஸ்டர்டில் மறைக்க ஒன்றும் கிடையாது. தீ கொஞ்சம் கூடினால் உள்ளே பொத்தல் பொத்தலாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. என்னைச் சுற்றி அது நிறைய இல்லை.

வீட்டில் ஓவன் ஏது? இட்லிப் பானையில் செய்தேன். அப்பாவின் பழைய டிபன் கேரியரில் ஒரு அடுக்குதான் அச்சு. மூடியிலிருந்து தண்ணீர் சொட்டாமல் இருக்க ஒரு துணியைக் கட்டுவேன். திரி ஸ்டவ்வில் திரியை இறக்கி வைத்தால் தீ சரியாக இருக்கும். ரேஷன் சர்க்கரையில் சாக்கு நாரும் கறுப்புப் பொடியும் இருக்கும், அதைப் பொறுக்க வேண்டும். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே ஸ்பூனால் முழுசையும் தின்பார். தின்றுவிட்டுச் சொல்வார்: "நல்லாத்தான்டா இருக்கு. இதுக்கு எதுக்குடா மூணு வருஷம்?"

மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிந்து ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவின் அண்ணன். அண்ணனூர் ரயில்வே ஷெட்டில் வேலை, திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். அவர் தினம் ரயிலில் வந்து போனார். பெரியம்மா அம்மாவுக்குத் துணை என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். துணை என்றால் காவல். அம்மா எங்கே உட்கார வேண்டும், என்ன புடவை கட்ட வேண்டும், யாரோடு பேசலாம் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. இனிப்புச் சட்டமும் அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பெரியப்பா வேலைப் பேச்சை எடுத்தார். சர்வீஸில் இருக்கும்போது ஆள் செத்தால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் தொழிற்சாலையில் வேலை தருவார்கள். யாரும் வேலைக்குப் போகாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கு வேறு வீடு இல்லை. ஆகவே நான் படிப்பை விட்டுவிட்டு வேலையில் சேர வேண்டும். இதில் பேச என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

"கவர்மெண்ட் வேலைடா. உங்கப்பன் உசிரக் குடுத்து வாங்கி வச்சிட்டுப் போயிருக்கான். நீ கரண்டி புடிக்கிறேங்கிற," என்றார்.

நான் முடியாது என்றேன். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, முடித்ததும் ஹோட்டலில் எடுத்துக்கொள்வார்கள், அதுவரை வேறு ஏதாவது செய்யலாம் என்றேன். அந்த ஒன்றரை வருஷம் தெருவிலா படுப்பீர்கள் என்று கேட்டார். ஆனாலும் முடியாது என்றேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பா செத்த நேரத்தில் எனக்கு ஒரு செய்முறைத் தேர்வு விட்டுப்போயிருந்தது. பிப்ரவரியில் திரும்ப வைப்பதாகச் சொன்னார்கள். அதிலும் தவறினால் வருஷம் போகும். வருஷம் போனால் பெரியப்பா ஜெயித்துவிடுவார். இன்ஸ்டிடியூட்டில் ஒரு அடுப்புக்கு எட்டுப் பேர். என் கைக்கு வருவது முட்டை அடிக்கிற கம்பி மட்டும். வீட்டில் பழகினால்தான் உண்டு. வீட்டிலோ இனிப்புக் கூடாது.

முதலில் க்ரெப் செய்தேன். மைதாவும் முட்டையும் பாலும் கரைத்து, தோசைக்கல்லில் காகிதம் மாதிரி மெல்லிசாக ஊற்றுவது. பெரியம்மா எட்டிப் பார்த்தாள். மைதா தோசை என்றேன். நம்பினாள். தினம் காலையில் இரண்டு வாங்கி, மேலே சர்க்கரையைத் தூவிச் சுருட்டித் தின்றாள். சர்க்கரையைச் சட்டியில் போட்டால் பாவம், தட்டில் போட்டால் பாவம் இல்லை போலிருக்கிறது.

கஸ்டர்டை அப்படி ஏமாற்ற முடியாது. அதனால் நேராகவே கேட்டேன். பலகாரம் கூடாது என்றால் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்றுதானே அர்த்தம், இதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, இட்லி மாதிரி ஆவியில் வேகிறது என்றேன். பெரியம்மா யோசித்தாள். அவளுக்கே குழப்பம். சாமியாரைக் கேட்டு வா என்றாள். பங்குச் சாமியாரிடம் போனேன். சபையில் அப்படி ஒரு சட்டமே கிடையாது என்றார். எனக்குச் சந்தோஷம். கதவு வரை போனவனைக் கூப்பிட்டு, ஆனால் பெரியவர்கள் மனசு நோகும்படி எதையும் செய்யாதே என்றார். இதற்கு அவர் எதற்கு? இதைச் சொல்லத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே.

கிறிஸ்துமஸ் வந்தது. நாங்கள் ஸ்டார் கட்டவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கேக்கும் கல்கல்லும் அதிரசமும் தட்டுத் தட்டாக வந்தன. பெரியம்மா டின்களில் அடுக்கி வைத்தாள். கேக்குகள் எல்லாம் ஒரே மாதிரி நடுவில் வேகாமல் இருந்தன. அம்மா எதையும் தொடவில்லை. தங்கை மட்டும் தின்றாள், அவளுக்குப் பசி.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போனார்கள். பெரியப்பாவும் அன்றைக்கு எங்கள் கோயிலுக்கே வந்திருந்தார். எனக்கு வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். அவர்கள் தெருமுனை தாண்டியதும் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.

சர்க்கரையை வெறும் சட்டியில் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் இளகும். தேன் நிறம் வரும், அதைத் தாண்டிச் செங்கல் நிறம் வரும். அப்போது இறக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் வெறும் இனிப்பு, பின்னால் இறக்கினால் கசப்பு. அந்த நேரத்தில் ஒரு வாசனை கிளம்பும். ஜன்னலைச் சாத்தியிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல் எதுவும் முழுசாகச் சாத்தாது.

பால் கலவையை ஊற்றிப் பானையை மூடிய நேரத்தில் பின்கதவில் ஆள் நின்றது. அடுத்த வீட்டுக்காரர். அப்பாவின் ஷாப்பில் அப்பாவோடு வேலை செய்தவர், பூந்தமல்லிக்காரர். அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

"இன்னா நைனா, ஊட்ல இன்னா காய்ச்சிகினு கீற?"

பரீட்சைக்கு என்றேன். உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த பாகு கறுப்பாக இறுகியிருந்தது.

"கருக்கி வச்சிகீறியே."

கருக்கத்தான் வேண்டும், அதுதான் பாடம் என்றேன்.

"கருக்கறதுக்கா காலேஜி? எங்க ஊட்டுக்காரி படிக்காமலே கருக்குறா," என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "அண்ணாத்தே போயி ஆறு மாசம்கூட ஆவல. சந்து முச்சூடும் மணக்குது நைனா. நாலு பேரு இன்னா நெனைப்பான்?"

அந்த நாலு பேரில் முதல் ஆள் அவர்தான். கெட்ட மனுஷன் இல்லை. நல்ல மனுஷர்கள்தான் இந்த மாதிரி வேலையைச் செய்வார்கள். நேராகக் கோயிலுக்குப் போய், பூசை முடிந்து வெளியே வந்த பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அவர்கள் வருவதற்குள் கஸ்டர்ட் வெந்து, தண்ணீரில் வைத்து ஆறவைத்து, தட்டில் கவிழ்த்துவிட்டேன். ஒரு பொத்தல் இல்லை. ஓரம் உடையவில்லை. நான் செய்ததிலேயே அதுதான் சரியாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பெரியப்பா கோயிலுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு உள்ளே வந்தார். தட்டை எடுத்தார். பின்பக்கம் போய்ச் சாக்கடையில் கொட்டினார். தட்டைத் தரையில் வைத்தார்.

"நாளன்னைக்கு ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. கையெழுத்துப் போட்டுட்டு ஒழுங்கா வேலைக்குப் போ. இந்தப் பொம்பளப் பொழப்பெல்லாம் போதும்."

சந்தில் இரண்டு மூன்று ஜன்னல்களில் தலை தெரிந்தது. பெரியம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"தட்டக் கழுவி வை," என்றாள்.

அன்றைக்கு எனக்குப் பெரியப்பாவைவிட அவள் மேல்தான் கோபம் அதிகம். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

ஆபீஸுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அதிகாரி அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். முதல் உரிமை மனைவிக்கு, மகனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதித் தர வேண்டும் என்றார். என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் கேன்டீனில் போட்டுவிடலாம், அங்கே ஆள் தேவை என்றார். பெரியப்பா, பார்த்தாயா, நீ கேட்டதே கிடைத்துவிட்டது என்கிற மாதிரி என் தொடையைத் தட்டினார்.

அந்தக் கேன்டீனை நான் பார்த்திருக்கிறேன். குளிக்கிற தொட்டி அளவுக்கு அண்டா. அதில் உப்புமாவைத் துடுப்பு போட்டுக் கிண்டுவார்கள். கிண்டுகிறவன் வியர்வை அதிலேயே விழும். முப்பது வருஷம் அந்தத் துடுப்போடு நிற்பதை நினைத்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. சண்டை போட்டுக் களைத்திருந்தேன். வீடு போய்விடும் என்பதும் உண்மை. அந்த நிமிஷம் நான் தோற்றுவிட்டேன், அவ்வளவுதான்.

அதிகாரி காகிதத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா அதைத் தொடவில்லை.

"வேலைய எனக்கே குடுங்க," என்றாள்.

எட்டாவது படித்தவர்களுக்குக் கூட்டித் துடைக்கிற வேலைதான் கிடைக்கும் என்று அதிகாரி சொன்னார்.

"வீட்டுலயும் அதத்தான செய்யறேன்."

பெரியப்பா எழுந்துவிட்டார். "எங்க வீட்டு மருமக துடப்பத்த எடுத்துக்கிட்டு ஆம்பளைங்க மத்தியில நிக்கிறதா?"

"ஆமா," என்றாள் அம்மா. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு முன் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

வெளியே வந்ததும் பெரியப்பா எங்களை விட்டு வேகமாக ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, பெற்றவளைத் தெரு கூட்டவிட்டு முட்டை அடிக்கிறவனே என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அன்றைக்குச் சாயங்காலமே பெரியம்மாவும் மூட்டையைக் கட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவர்கள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்தோம். நல்லாப் படிச்சு முடிச்சிடுறேம்மா, உன்னை ராணி மாதிரி வச்சிக்கிறேன் என்று ஏதோ உளறினேன்.

"உனக்காகன்னு நெனச்சுக்காத," என்றாள். நடையை நிறுத்தவில்லை. "உன் பேருல வேலைய எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு உன் பொண்டாட்டி எப்ப சோறு போடுவான்னு நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? உங்கப்பா இருந்தவரைக்கும் அவரு கையப் பாத்தேன். இனிமே எவன் கையையும் பாக்க மாட்டேன். நீ சமைச்சா என்ன, சாக்கடை அள்ளுனா என்ன? அது உன் பாடு."

இதுதான் நடந்தது. ஆனால் ஊர் வேறு கதையை வைத்துக்கொண்டது. மகன் படிப்புக்காகத் துடைப்பம் எடுத்த தாய். சாமியார் அதைப் பிரசங்கத்திலேயே சொன்னார். பெண்கள் எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தலையைத் தூக்கவில்லை. எனக்கு எழுந்து நின்று அது பொய் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரியில் பரீட்சை நடந்தது. என்ன செய்ய வேண்டும் என்று சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது சாக்லேட் மூஸ். அதை வேகவைக்கவே தேவையில்லை. சாக்லேட் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்கிக் கலந்து, குளிரில் வைப்பது. நான் சண்டை போட்டுப் பழகியது எதுவும் உதவவில்லை. கை வலிக்க அடித்தேன். சுமாராக வந்தது. பாஸ் பண்ணிவிட்டேன்.

அம்மாவுக்கு வேலை வர இன்னும் சில மாதங்கள் ஆயின. கூட்டுகிறவர்களுக்கு ஒரு அறை வீடுதான் கொடுப்பார்கள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே போனோம். அம்மாவை அப்பா வேலை செய்த ஷாப்பிலேயே போட்டார்கள். முதல் வாரம் அங்கே எல்லோரும் அவளை அண்ணி என்று கூப்பிட்டார்களாம். அடுத்த வாரத்திலிருந்து, "ஏம்மா, இங்க கூட்டு." அடுத்த வீட்டுக்காரரும் அந்த ஷாப்தான். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். லேத்திலிருந்து விழுகிற இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ள வேண்டும். அது செருப்பைக் கிழித்துக்கொண்டு காலில் ஏறும். வீட்டுக்கு வந்து பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து ஊசியால் கிளறி எடுப்பாள். நான் எடுக்கிறேன் என்றால் காலை இழுத்துக்கொள்வாள்.

படிப்பை முடித்தேன். சிட்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் பேக்கரிப் பிரிவில் சேர்ந்தேன். விடியும் முன் ரயில் ஏறினால் இருட்டிய பிறகு வருவேன். ஜன்னல் இல்லாத அறை, காலெல்லாம் வீங்கும். கல்யாணப் பார்ட்டிக்குக் கஸ்டர்ட் தட்டுத் தட்டாகப் போகும், பாதி தின்று பாதி திரும்பி வரும். அதைச் சாக்கடையில் கொட்டுவதும் நாங்கள்தான். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தங்கைக்குக் கல்யாணத்தை அம்மாதான் தன் பி.எஃப். பணத்தில் கடன் போட்டு முடித்தாள். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் ஆனது. அம்பத்தூரில் வாடகைக்கு வீடு பிடித்தேன். அம்மாவுக்கென்று ஒரு அறை இருக்கிற மாதிரிப் பார்த்துப் பிடித்தேன். கூப்பிட்டேன். என் மனைவியும் போய்க் கூப்பிட்டாள். என் மனைவி நல்லவள். அம்மா அதைச் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. வேலைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வசதி என்று சொல்லிவிட்டாள். அந்த அறையில் இப்போது சைக்கிளும் துவைக்காத துணியும் கிடக்கின்றன.

லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடிக்குப் போவேன். அந்த ஒரு அறையில் கட்டில், ஸ்டவ், ஒரு சிலுவை, அவள் வேலைக்குக் கட்டுகிற காக்கிப் புடவை கொடியில். மீன் குழம்பு வைத்திருப்பாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"அடுத்த வண்டி இருக்கு, கெளம்பு," என்பாள்.